சேலம் நகரசபையிலிருந்து டில்லி வரை: ராஜாஜி



பெங்களூரில் நான் குடியிருப்பது ராஜாஜிநகர். சில மாதங்களுக்கு முன் என் பேரனுடன் மெட்ரோ ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு ராஜாஜி என்பது யார் என்று கேட்டான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் என்று ஆரம்பித்தேன். அதற்குள் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. அவனும் அத்துடன் மறந்துவிட்டான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நம் சங்கக் கூட்டங்களில் ராஜாஜியின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. நம்மவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அவர் தம் வாழ்நாளில் முதன்முதலாகச் சம்பாதித்த பொதுஜனக் கோபம் நம்மவர்களுடைய கோபம்தான். என் குடும்பத்துக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் சேர்த்து எழுதுகிறேன்.

தொரப்பள்ளியும் பெங்களூரும்

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10-ம் தேதி, ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி கிராமத்தில். அன்று அது சேலம் ஜில்லா. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். தகப்பனார் சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்கார் கிராம முன்சீப். தாயார் சிங்காரம்மாள். மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி இவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகிற பிரதேசம் அது. பெங்களூரிலிருந்து காரில் கிளம்பினால் காலை டிபன் ஜீரணமாவதற்குள் போய்விடலாம். அவர் பிறந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. பெங்களூரில் உள்ள நம் அங்கத்தினர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்வரலாம்.

ஓசூரில் பள்ளிப்படிப்பு. பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். மைசூர் சர்வகலாசாலை 1916-ல்தான் ஏற்பட்டது என்பதால், அந்தக் காலத்தில் சென்ட்ரல் காலேஜ் சென்னை சர்வகலாசாலையுடன் இணைந்திருந்தது. அவருக்குப் பல தசாப்தங்கள் கழித்து, 1971-ல் அதே காலேஜில் நான் பி.எஸ்ஸி. முடித்தேன். சர் சி.வி. ராமன் தமது கண்டுபிடிப்பைப் பற்றி 1928 மார்ச் மாதத்தில் பிரசங்கம் செய்ததும் அந்தக் காலேஜில்தான். 1954-ல் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்ற மூவர் ராஜாஜி, டாக்டர் ராதாகிருஷ்ணன், ராமன். மூவரில் இருவருக்கு எங்கள் காலேஜோடு சம்பந்தம் உண்டு என்பதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் கர்வம்.

பெங்களூருக்குப் பிறகு சென்னையில் சட்டப் படிப்பு. 1897-ல் அலமேலு மங்கம்மாளுடன் விவாகம். 1900-ம் ஆண்டு வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழிலை ஆரம்பித்தார்.

சேலத்து வக்கீல்

கிரிமினல் கேஸ்களில் அவருக்கு நல்ல பெயர். வருமானமும் நன்றாக வந்தது. சேலத்தில் அப்போது சி. விஜயராகவாச்சாரியார் என்ற பெரிய காங்கிரஸ் தலைவர் இருந்தார். டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவும் அந்த வட்டாரத்தில் தீவிரமாக வேலை செய்தவர். நாயுடு மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது ராஜாஜிதான் அவருக்காக ஆஜரானார்.

1911-ல் சேலம் நகரசபையில் ராஜாஜி அங்கத்தினரானார். இன்றைய தேர்தலை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கக்கூடாது. வரி செலுத்துகிற சிலருக்கு மட்டுமே ஓட்டு. கலெக்டருக்குத்தான் கடைசி அதிகாரம். விளக்கு, சாக்கடை, குடிநீர், ஆரம்பப் பள்ளி, அம்மை குத்துவது, இவைதான் காரியங்கள். பெரிய வக்கீல்கள் பலர் இதைக் கௌரவப் பதவியாக மட்டும் வைத்துக்கொள்வார்கள். ராஜாஜி அப்படி இருக்கவில்லை. 1917-ல், முப்பத்தெட்டு வயதில், சேர்மன் ஆனார். 1919 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அந்த வருஷங்களில் அவருடைய வீட்டு நிலைமையையும் நினைவில் கொள்ளவேண்டும். மனைவி இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். மூன்று பிள்ளைகள், இரண்டு பெண்கள். அவர் மறுவிவாகம் செய்துகொள்ளவில்லை.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 1916-ல் சேலத்தில் நண்பர்களுடன் சேர்ந்து, விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழில் பதங்கள் உண்டாக்க ஒரு சங்கம் ஏற்படுத்தினார். ரசாயனம், பௌதிகம், கணிதம், வானசாஸ்திரம், தாவர சாஸ்திரம் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும் என்பது நோக்கம். பிற்காலத்தில் திண்ணை ரசாயனம் என்ற பெயரில் சாமானியர்களுக்குப் புரியும்படி ஒரு புஸ்தகமே எழுதினார். பி.ஏ. படித்த வக்கீல் ஒருவர் இதைச் செய்தார். பி.எஸ்ஸி. படித்த நான் நாற்பது வருஷம் ஃபைல்தான் எழுதினேன்.

குழாய்த் தண்ணீர்

சேலத்துக்குப் பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலம் அது. தெருக்களுக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடுவதற்கு நகரசபை ஊழியர்கள் உண்டு. அக்ரஹாரத்துத் தெருவில் அந்த வேலையைச் செய்ய, அன்று பஞ்சமர் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் கைபட்ட குழாய்த் தண்ணீரை எப்படிக் குடிப்பது, பூஜைக்கு எப்படி எடுப்பது என்று அக்ரஹாரத்தில் பெரிய ஆட்சேபம் கிளம்பியது. சேர்மனோ ஓர் ஐயங்கார். அவரிடம் சொன்னால் ஊழியரை வேறு தெருவுக்கு மாற்றிவிடுவார் என்று நம்பினார்கள். அவர் மாற்றவில்லை. கோபித்தவர்கள் கோபித்தார்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாளடைவில் எல்லோரும் அதைத்தான் குடித்தார்கள்.

அத்துடன் நிற்கவில்லை. சேலம் நகரசபைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதன்முதலாக ஓர் அங்கத்தினர் வந்ததற்கும் ராஜாஜியே காரணமாக இருந்தார். காந்திஜியின் ஹரிஜன இயக்கம் தொடங்குவதற்குப் பதினைந்து வருஷம் முன்பு நடந்தது இது.

என் தாத்தா அப்போது சேலத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயர். ஆட்சேபித்தவர்களில் அவரும் ஒருவர். சில மாதங்கள் எங்கள் அகத்தில் குழாய்த் தண்ணீரைத் தொடவேயில்லையாம். பாட்டி தினமும் விடியற்காலையில் எழுந்து, தூரத்தில் இருந்த கிணற்றிலிருந்து இரண்டு குடம் சுமந்து வருவாள். என் தகப்பனார் அப்போது கைக்குழந்தை. குழந்தையை ஓர் இடுப்பிலும் குடத்தை ஓர் இடுப்பிலும் வைத்துக்கொண்டு பாட்டி பட்ட சிரமத்தைப் பார்த்து, ஒருநாள் தாத்தாவே எதுவும் பேசாமல் குழாயடியில் போய்க் குடத்தை வைத்துவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. ஆனால் ராஜாஜியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் தாத்தா கடைசிவரை சொன்னதில்லை.

இந்த விஷயம் எனக்குத் தெரியவந்தது 1984-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பு நான் வட இந்தியாவில் ஓர் ஊரில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தேன். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. பம்ப் போட்டுத் தண்ணீர் விடும் வேலைக்கு ஓர் இளைஞன் வந்தான். அவனுடைய தகப்பனார் அதே காலனியில் துப்புரவு வேலை செய்தவர். சில குடும்பத்தினர் என்னிடம் வந்து, ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், டாங்க் சுத்தமாக இல்லை, நேரத்துக்குத் தண்ணீர் விடுவதில்லை என்று புகார் கொடுத்தார்கள். விஷயம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நிர்வாகக் காரணங்களுக்காக அவனைத் தோட்ட வேலைக்கு மாற்றலாம் என்று நானே குறிப்பு எழுதினேன். எழுதிய ஆங்கிலம் மிகவும் கௌரவமாக இருந்தது. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் முன்போலவே வணக்கம் சொன்னான். அதுதான் எனக்கு இன்றுவரை கஷ்டமாக இருக்கிறது.

லீவில் பெங்களூர் வந்தபோது இதைத் தகப்பனாரிடம் சாதாரணமாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாத்தாவின் கதையைச் சொன்னார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் ராஜாஜியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். சேர்மன் ராஜாஜிக்கு அந்த ஊழியரை மாற்ற ஒரு வரி போதும். காரணமும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உறவினர்களும் கட்சிக்காரர்களும் அக்ரஹாரத்தில் இருந்தார்கள். அந்த ஒரு வரியை அவர் எழுதவில்லை. நான் எழுதினேன்.

சேர்மன் பதவியிலிருந்து சிறைக்கு

ராஜாஜி சேலத்தில் சேர்மனாக இருந்த அதே காலகட்டத்தில் ஈரோட்டில் நகரசபைத் தலைவராக இருந்தவர் ஈ.வெ. ராமசாமி நாயக்கர். இரண்டு சேர்மன்களும் அப்போது சிநேகிதர்கள் ஆனார்கள். நாயக்கரைக் காங்கிரஸுக்கு அழைத்துவந்ததில் ராஜாஜிக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு கொள்கையில் இருவரும் நேர் எதிராகப் போனது எல்லோருக்கும் தெரியும். சிநேகிதம் மட்டும் அறுபட்டுப் போகவில்லை.

1919-ல் ராஜாஜி சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அந்த வருஷம் மார்ச் மாதம் காந்திஜி அவருடைய வீட்டில் தங்கியிருந்தபோதுதான், ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் ஹர்த்தால் அனுஷ்டிக்கும் யோசனை காந்திஜிக்குத் தோன்றியது. அடுத்த வருஷம் ஒத்துழையாமை இயக்கம். ராஜாஜி வக்கீல் தொழிலை அடியோடு விட்டார். 1921 டிசம்பரில் கைதாகி மூன்று மாதம் வேலூர் சிறையில் இருந்தார். அங்கே எழுதிய டைரியில், சுயராஜ்யம் வந்தவுடன் நல்ல சர்க்கார் வந்துவிடாது, தேர்தலும் ஊழலும் பணத்தின் பலமும் திறமையில்லாத நிர்வாகமும் ஜனங்களைப் படுத்தும், சிறு வயதிலிருந்தே நல்ல நடத்தையைக் கற்றுக்கொடுக்கும் கல்விதான் ஒரே நம்பிக்கை என்று எழுதிவைத்தார். சுதந்திரம் வருவதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே இப்படித் தோன்றியதற்கு, ஒரு நகரசபையை உள்ளிருந்து பார்த்த அனுபவமும் காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஏற்படுத்திக் குழந்தைகளுடன் அங்கேயே வசித்தார். கதர் வேலை, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் எல்லாம் நடந்தன. விமோசனம் என்ற மதுவிலக்குப் பத்திரிகையும் நடத்தினார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாக்கிரக யாத்திரை. ஏப்ரல் 13-ம் தேதி சுமார் நூறு தொண்டர்களுடன் புறப்பட்டு, சுமார் 150 மைல் நடந்து, மாதக் கடைசியில் உப்பு எடுத்துக் கைதானார். 1933-ல் அவருடைய பெண் லக்ஷ்மிக்கும் காந்திஜியின் கடைசிப் பிள்ளை தேவதாஸுக்கும் பூனாவில் விவாகம் நடந்தது. அதற்கும் நம்மவர்களில் பலர் முகம் சுளித்தார்கள்.

முதல் தடவை முதல் மந்திரி

1937 தேர்தலில் சென்னை சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸுக்கு 159 கிடைத்தது. ராஜாஜி நின்றது சர்வகலாசாலைத் தொகுதி. அந்த இடத்துக்கு நிற்கவேண்டியவர் தீரர் சத்தியமூர்த்தி. ராஜாஜிக்காக அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் மந்திரிசபை அமைந்தபோது சத்தியமூர்த்திக்கு அதில் இடமில்லை. அவர் பெரிய மனசோடு தாங்கிக்கொண்டார். 1939-ல் சென்னை மேயராகிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அஸ்திவாரம் போட வழிசெய்தார். ராஜாஜியின் அபிமானிகள் இந்தப் பக்கத்தைச் சீக்கிரமாகப் புரட்டிவிடுவது வழக்கம். அது சரியில்லை.

ஜூலை 14-ம் தேதி ராஜாஜி பதவியேற்றார். இரண்டேகால் வருஷம்தான். அதற்குள் நடந்தவை அதிகம். 1937 அக்டோபர் 1-ம் தேதி தம் சொந்த ஜில்லாவான சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1939-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் ஹரிஜனங்கள் பிரவேசித்தபோது, அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார். அப்போதும் சனாதனிகளின் கோபம் அவர்மேல்தான்.

கணக்கு இலாகாவில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். கள்ளுக்கடையை மூடினால் சர்க்கார் வருமானம் போகும். அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் அதுதான் முதல் பொது விற்பனை வரி. விகிதம் மிகவும் குறைவு. வியாபாரிகள் திட்டினார்கள். பிறகு எல்லா மாகாணங்களும் அதையே பின்பற்றின. பல பத்தாண்டுகளுக்கு மாநில சர்க்கார்களின் முக்கிய வருமானமே அதுவாக இருந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது அந்த மரத்தின் கடைசிக் கிளை என்று சொல்லலாம்.

தவறும் அதே ஆட்சியில்தான். பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கினார். பெரிய எதிர்ப்பு எழுந்தது. நடராஜன், தாளமுத்து என்ற இரு இளைஞர்கள் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். ராஜாஜி அசைந்து கொடுக்கவில்லை. அவர் பதவி விலகிய பிறகு 1940-ல் அந்த உத்தரவு ரத்தானது. வயதான காலத்தில் அவரே ஹிந்தித் திணிப்பைக் கடுமையாக எதிர்த்தார்.

டில்லி

யுத்தத்தில் இந்தியாவைக் கேட்காமல் சேர்த்ததை ஆட்சேபித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் 1939 அக்டோபர் கடைசியில் விலகத் தொடங்கின. சென்னை மந்திரிசபையும் விலகியது. பிறகு மறுபடி சிறை. 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. முஸ்லிம் லீகுடன் சமரசம் செய்துகொள்ளவேண்டும் என்று சொன்னதால் சொந்தக் கட்சியிலேயே தனிமரமானார். இருந்தாலும் 1946-ல் இடைக்கால சர்க்காரில் அவரை நேருவும் படேலும் சேர்த்துக்கொண்டார்கள். கல்வி, தொழில் முதலிய இலாகாக்களைப் பார்த்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று மேற்கு வங்காள கவர்னர். 1948 ஜூன் 21-ம் தேதி மவுண்ட்பேட்டன் பிரபு விடைபெற்றபின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான்; கடைசி கவர்னர் ஜெனரலும் அவரே. உணவுப் பஞ்சமாக இருந்ததால் அந்தப் பெரிய மாளிகைத் தோட்டத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை பயிரிட வைத்தார். 1950 ஜனவரி 26-ல் ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதியானதும் மாளிகையைவிட்டு வெளியே வந்தார்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் ஓய்வு எடுத்துக்கொள்வார். எழுபத்தோரு வயது. இவரோ அதே வருஷம் நேருவின் மந்திரிசபையில் இலாகா இல்லாத மந்திரியாகச் சேர்ந்தார். படேல் 1950 டிசம்பர் 15-ல் காலமானபின் உள்துறை மந்திரியாகி, 1951-ல் பார்லிமெண்டில் மசோதாக்களைக் கொண்டுவந்து வாதாடினார். மாளிகையில் இருந்தவர் பார்லிமெண்டில் எழுந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மந்திரியாக வருவது பதவி இறக்கம் என்று அவர் நினைக்கவில்லை. ஆபீஸில் ஒரு மேஜை சிறியதாகிவிட்டால்கூட நாங்கள் எல்லாம் மேலிடத்துக்கு மனுப் போட்டவர்கள்.

1952 முதல் 1954 வரை

1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 தான். ஆட்சி கைநழுவிப் போகும் நிலை. கட்சிக்காரர்கள் ராஜாஜியிடம் ஓடினார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் அவரை மேல்சபைக்கு நியமித்து, மந்திரிசபை அமைக்க அழைத்தார். கொல்லைப்புற வழி என்று எதிர்க்கட்சிகள் சொன்னதில் நியாயம் உண்டு. கணக்குப் பார்த்தால், 1937-ல் பட்டதாரிகள் தொகுதி, 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குச் சட்டசபை மூலமாகத் தேர்வு, 1952-ல் நியமனம். இந்த மூன்று தடவையும் சாமானிய வாக்காளர் முன்னால் அவர் போய் நிற்கவேண்டியிருக்கவில்லை.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் 1952 ஜூனில் எடுத்தார். விலை தாறுமாறாக ஏறும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அடுத்த வருஷம் ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரம் பாடம், இரண்டு ஷிப்ட். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பனாரின் தொழிலையோ வேறு கைத்தொழிலையோ பழகலாம் என்பது ஏற்பாடு. இருக்கிற பள்ளிக்கூடத்தையும் வாத்தியாரையும் வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு குழந்தைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்காகப் பார்த்தால் சரி. ஆனால் தகப்பனார் தொழில் என்ற வார்த்தை, எத்தனையோ தலைமுறையாக அந்தத் தொழிலைவிட்டு வெளியே வர வழியில்லாதவர்கள் காதில் எப்படி விழும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சட்டசபையிலோ கட்சியிலோ முன்கூட்டி விவாதிக்காமலேயே அமலுக்குக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் விழுந்தது. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் சபாநாயகரின் வாக்கால்தான் தோற்றது. நிபுணர் குழு பிறகு திட்டத்தை ஆதரித்தும் பயனில்லை. 1954-ல் ராஜாஜி விலகினார். காமராஜர் முதல் மந்திரியாகித் திட்டத்தை ரத்து செய்தார். பிறகு அவர் கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடங்கள் திறந்ததும் மதிய உணவு கொடுத்ததும் நாம் அறிந்ததே.

நம் வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால், ராஜாஜி சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு வேறுமாதிரி படுகிறது. யார் ஆட்சேபித்தாலும் நியாயம் என்று பட்டதை மாற்றமாட்டேன் என்ற அந்தக் குணம்தான் சேலத்தில் அக்ரஹாரக் குழாயடியில் நின்றது. அதே குணம்தான் 1938-லும் 1953-லும் நின்றது. சேலத்தில் அவர் பலசாலிகளின் ஆட்சேபத்தை மறுத்தார். ஹிந்தியிலும் பள்ளிக்கூடத்திலும் எளியவர்களின் பயத்தைக் காதில் வாங்கவில்லை. குணம் ஒன்றுதான். எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து அது ஒரு இடத்தில் தர்மமாகவும் இன்னொரு இடத்தில் பிடிவாதமாகவும் ஆகிவிடுகிறது. அதிகாரியாக இருந்தவர்கள் எல்லோரும் யோசிக்கவேண்டிய விஷயம் இது.

கடைசி வருஷங்கள்

பதவி போனபின் பேனாவை எடுத்தார். அவருடைய ராமாயணமான சக்கரவர்த்தித் திருமகனுக்கு 1958-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. வியாசர் விருந்தும் நம் வீடுகளில் பாராயண புஸ்தகம் போலவே இருந்தது.

1959-ல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் ஊழலில்தான் முடியும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். 1962-ல் அக்கட்சிக்குப் பார்லிமெண்டில் 18 இடங்கள். 1967-ல் 44 இடங்களுடன் மிகப்பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. அந்த அறைகளில் லைசென்ஸ் ஃபைல்கள் நகர்ந்த விதத்தைப் பார்த்தவன் நான். 1991-ல் கதவுகள் திறக்கப்பட்டபோது, அந்தக் கிழவர் சொன்னது காலதாமதமாக வந்து சேர்ந்தது என்று தோன்றியது. இடையில் 1962-ல், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச்சொல்லி அமெரிக்கா சென்று ஜனாதிபதி கென்னடியைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் இந்தியாவுக்கு வெளியே மேற்கு நாடுகளுக்குப் போனது அப்போதுதான்.

1972 டிசம்பர் 25-ம் தேதி சென்னையில் காலமானார். வயது 94. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன சின்னப் பையன். ரேடியோவில் செய்தி கேட்டது நினைவிருக்கிறது. மயானத்துக்கு ஈ.வெ.ரா. பெரியார் சக்கர நாற்காலியில் வந்து, தாங்கமுடியாமல் அழுதார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒருவரையொருவர் எதிர்த்துப் பேசிய அந்த இரண்டு பழைய சேர்மன்களின் கதை அங்கே முடிந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1973 டிசம்பர் 24-ல், பெரியாரும் போய்விட்டார்.

முடிவாக

நேரு அலகாபாத்திலும், படேல் ஆமதாபாதிலும், ராஜேந்திர பிரசாத் பாட்னாவிலும் 1920-களில் நகரசபைத் தலைவர்களாக இருந்தவர்கள். ராஜாஜி அவர்களுக்கு முன்பே சேலத்தில் இருந்தார். தேசத்தை நடத்தப்போகிறவர்கள் முதலில் சாக்கடையையும் குழாயையும் நடத்திப் பார்த்தார்கள். எங்கள் பெங்களூரில் 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின், தேர்தலே இல்லாமல் வருஷக்கணக்கில் அதிகாரிகளே ஊரை நடத்தினார்கள். 2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் ஜனங்கள் லாரிக்காரரிடம் கெஞ்சினார்கள். 2025-ல் ஊரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். நம் குழந்தைகளில் யாராவது ஒருவன் வார்டுத் தேர்தலில் நிற்கிறேன் என்றால், அது நமக்கு எதற்கு என்று தடுக்காமல் இருப்போம். அமெரிக்க விசா ஒன்றுதான் முன்னேற்றம் என்று இல்லை.

பேரனுக்கு இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். கவர்னர் ஜெனரல், பாரத ரத்னா, கென்னடி எல்லாம் வந்தபோது பேசாமல் கேட்டான். முடித்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். நான் தோட்ட வேலைக்கு மாற்றிய அந்தப் பம்ப் ஆள் பிறகு என்ன ஆனான் என்று. எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.